ஒன்பதாம் மாதத்து ஊசி: மலையகத் தோட்டங்களில் சின்னமுத்து அபாயம் எவ்வளவு?

2019 ஜூலை 9ஆம் திகதி, சின்னமுத்து எனும் தட்டம்மையை ஒழித்த நாடாக இலங்கையை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. உள்நாட்டில் தோன்றிய கடைசித் தொற்று 2016 மே மாதத்தில் பதிவாகியிருந்தது. அறிவிப்பு வந்து நான்கு ஆண்டு ஆவதற்குள், 2023 மே மாதம் கொழும்பில் நோய் மறுபடி தலைகாட்டியது. ஆண்டு முடிவதற்குள் நோயாளிகள் 700 பேரைத் தாண்டினர். 2024 ஜனவரி 6ஆம் திகதி ஒன்பது சுகாதார மாவட்டங்களில், 6 முதல் 9 மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போடப்பட்டது. கொழும்பு, கம்பஹா, களுத்துறை, காலி, மாத்தறை, குருநாகல், கண்டி, யாழ்ப்பாணம், கல்முனை ஆகியவை அவை. தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தின் நுவரெலியா அந்தப் பட்டியலில் இல்லை.

இல்லாததை இரண்டு விதமாக வாசிக்கலாம். தோட்டப் பிள்ளைகள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஊசி போட்டாயிற்று, அதனால்தான் நோய் மலையேறவில்லை என்பது ஒரு வாசிப்பு. தோட்ட மக்கள் எல்லாவற்றிலும் கைவிடப்பட்டவர்கள், ஊசியிலும் அப்படித்தான் இருக்கும், அடுத்த பெரும் பரவல் இங்கேதான் வெடிக்கும் என்பது மற்றது. சுகாதாரத் துறை சார்ந்தவர்கள் முதலாவதையும், மலையக உரிமைக்காகக் குரல் கொடுப்பவர்களில் பலர் இரண்டாவதையும் சொல்வது வழக்கம். இரண்டையும் உரைத்துப் பார்த்தாக வேண்டும். பிழையான பயம் இருக்கிற கொஞ்சப் பணத்தையும் வேண்டாத இடத்தில் கொட்டவைக்கும். பிழையான நிம்மதிக்குக் கைக்குழந்தைகள் விலை கொடுப்பார்கள்.

கைவிடப்பட்டவர்கள் என்ற வாதம்

இந்த வாதத்தின் அடித்தளம் உறுதியானது. 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டத்துறையில் அது 31.7 சதவீதம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களின்போது தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது. கை மாறிய ஒவ்வொரு முறையும் தோட்டத்து வைத்தியம் யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அரைகுறைப் பதிலோடு நின்றது. தோட்டத்து டிஸ்பென்சரிகள் பலவற்றில் இன்றும் வைத்தியர் கிடையாது. தோட்ட வைத்திய உதவியாளர்தான் இருக்கிறார். இவ்வளவையும் பார்த்தவர் ஊசியும் பின்தங்கித்தான் இருக்கும் என்று முடிவுகட்டுவது இயல்பு.

ஆனால் ஊசி விஷயத்தில் இந்த அனுமானம் தாங்காது. 1978இல் விரிவாக்கப்பட்ட தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1980களின் நடுவில் சின்னமுத்து ஊசி அதில் சேர்ந்தது. 2001இல் இரண்டாவது தடவை ஊசி வந்தது. மிட்வைஃப் எனும் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணியின் பெயரைப் பதிந்து, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கே வந்து பார்த்து, கிளினிக் கொப்பியைத் திறந்து திகதி குறித்துக் கொடுப்பது இந்த நாட்டின் பொதுச் சுகாதாரத்தின் முதுகெலும்பு. தோட்டங்களுக்குள் அது தாமதமாகத்தான் வந்தது. ஆனாலும் வந்தது. வீடு, சம்பளம், காணி, போஷாக்கு ஆகியவற்றில் தோட்டத்துக்கும் நாட்டுக்கும் இடையே உள்ள பள்ளம் ஊசியில் அதே அளவுக்கு இல்லை. அரசு மனம்வைத்து வாசல்வரை கொண்டுவந்த சேவையை மக்கள் தயங்காமல் எடுத்துக்கொண்டார்கள்.

இங்கே ஒரு பழியையும் விலக்கவேண்டும். தோட்டத்துச் சனம் அம்மன் வந்ததாக நம்பும், வேப்பிலை கட்டும், ஊசியை மறுக்கும் என்று வெளியிலிருந்து சொல்வோர் உண்டு. முதல் இரண்டும் பல குடும்பங்களில் உண்மை. மூன்றாவது உண்மை இல்லை. மாரியம்மன் கோயிலில் நேர்த்தி வைக்கும் அதே தாய்தான் திகதி தவறக்கூடாது என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு நடக்கிறாள். பெரியம்மை ஊசி இவர்களுடைய மூதாதையருக்கு மண்டபம் முகாமிலேயே, கடல் தாண்டுவதற்கு முன்பே போடப்பட்டது. தோட்டத் துரைமாருக்கு வேலையாள் சாகாமல் வந்து சேரவேண்டும் என்பதே அன்றைய நோக்கம். நோக்கம் எதுவாயினும், ஊசிக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பழகிய சமூகம் இது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காணப்படும் ஊசி மறுப்பு இயக்கம் போல ஒன்று இங்கே வேரூன்றவில்லை. ஆகவே அபாயத்தை மக்களின் அறியாமையில் தேடுவது வீண்.

99 சதவீதம் என்ற வாதம்

இனி எதிர்த்தரப்பு. 2010களில் இலங்கையின் சின்னமுத்து ஊசி எட்டுகை ஆண்டுக்கு ஆண்டு 99 சதவீதம் அளவில் மதிப்பிடப்பட்டது. மனிதர் அறிந்த தொற்றுகளில் மிக வேகமாகப் பரவுவனவற்றுள் ஒன்று சின்னமுத்து. எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்கக்கூடும். அதைத் தடுத்து நிறுத்த சமூகத்தில் சுமார் 95 சதவீதத்தினருக்கு எதிர்ப்புச் சக்தி வேண்டும். 99 அதற்கு மேலே நிற்கிறது. பிறகென்ன கவலை என்பது வாதம்.

இந்த நாட்டின் சொந்த அனுபவமே இதை உடைக்கிறது. 2011 அக்டோபரில் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்த எம்.எம்.ஆர். ஊசி அறிமுகமானபோது, முதல் ஊசியின் வயது ஒன்பது மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குத் தள்ளப்பட்டது. அதற்குத் தக்க காரணம் இருந்தது. ஒன்பது மாதத்தில் போட்டால் சுமார் 85 சதவீதப் பிள்ளைகளுக்கே ஊசி பிடிக்கும். பன்னிரண்டு மாதத்தில் அது 93க்கு மேல் போகும். ஆனால் 2013இல் பரவல் வந்தது. அந்த ஆண்டு 2,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் உறுதியானது, 2014இலும் தணியவில்லை. அதிகம் அடிபட்டவர்கள் ஒரு வயது நிரம்பாத குழந்தைகள். 2015இல் முதல் ஊசி மறுபடி ஒன்பதாம் மாதத்துக்கே கொண்டுவரப்பட்டது. இரண்டாவது ஊசி மூன்று வயதில் போடப்படுகிறது. இன்றும் இதுவே நடைமுறை.

அந்தப் பரவலின்போது எட்டுகை விழவில்லை. ஊசி போடப்படவேண்டிய வயதில் எத்தனை பேருக்குப் போடப்பட்டது என்பதைத்தான் எட்டுகை அளக்கிறது. அந்த வயதுக்கு முன்னால் காத்திருக்கும் பிள்ளைகளை அது அளப்பதில்லை. ஊசி போட்டும் பிடிக்காத பிள்ளைகளையும், தாமதமாகப் போட்டதையும் அது காட்டாது. ஒன்பது மாதத்தில் வரவேண்டிய பிள்ளை பன்னிரண்டாம் மாதத்தில் வந்தாலும் ஆண்டுக் கணக்கில் அது வந்த பிள்ளைதான். இடைப்பட்ட மூன்று மாதம் எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு நூறு பிள்ளைகள் பிறக்கும் தோட்டத் தொகுதி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் சுமார் 300 பேர். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஐந்து மாதம் வரை காக்கும் என்று வைத்துக்கொண்டால், ஊசிக்குக் காத்திருக்கும் நான்கு மாதத்தில் எப்போதும் 33 குழந்தைகள் வெறும் உடம்போடு இருப்பார்கள். ஒன்பது மாதத்துக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இருக்கும் 225 பேரில், ஊசி பிடிக்காத 15 சதவீதம் என்றால் 34 பேர். கூட்டினால் 67. எட்டுகை முழு நூறு சதவீதமாக இருக்கும்போதே ஐந்து பிள்ளைகளில் ஒருவருக்கு மேல் பாதுகாப்பில்லை. இப்போது ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு மாதம் தாமதமாக ஊசிக்கு வருகிறது என்று வையுங்கள். காக்கப்பட்டிருக்கக்கூடிய இன்னும் 14 பேர் சேர்ந்து 81 ஆவார்கள். நாலில் ஒன்றுக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் அறிக்கையில் இருக்கும் எண் மாறவே இல்லை.

சராசரி எதை மறைக்கும் என்பதற்கு வெளியுலகச் சான்றும் உண்டு. 2025இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 762 பேருக்குச் சின்னமுத்து வந்தது. இரண்டு பிள்ளைகள் இறந்தனர். மாநிலம் முழுவதுக்குமான எண் மோசமாக இருக்கவில்லை. பரவலின் மையமான கெய்ன்ஸ் மாவட்டத்தில் மட்டும் மழலைப் பள்ளிப் பிள்ளைகளில் ஆறில் ஒருவருக்கு மேல் ஊசி விலக்குப் பெற்றிருந்தனர். அங்கே காரணம் மறுப்பு, இங்கே அப்படி இல்லை. ஆனால் நோய் மாநிலச் சராசரியைப் பார்த்து நுழைவதில்லை, ஒரு சமூகத்துக்குள் இருக்கும் இடைவெளியைப் பார்த்து நுழைகிறது என்ற பாடம் இரண்டு இடத்துக்கும் பொருந்தும். அம்பகமுவ, மஸ்கெலியா, பொகவந்தலாவை, லிந்துலை, கொட்டகலை, இராகலை என்று விரியும் நுவரெலியா மாவட்டத்துக்கு ஒற்றை எண்ணைச் சொன்னால், மேற்பிரிவின் வரிசை வீடுகளான லயத்தில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

பிள்ளைக் காம்பரா

தோட்டத்தின் தனித்தன்மை இந்த இடத்தில்தான் கணக்குக்குள் வருகிறது. பிரசவ விடுமுறை 84 நாட்கள். அது முடிந்ததும் தாய் கொழுந்துக்குப் போகவேண்டும். பிள்ளை பிள்ளைக் காம்பராவுக்குப் போகும். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் முயற்சியால் பல இடங்களில் கட்டடமும் பராமரிப்பும் முன்னேறியிருக்கின்றன, அதை மறைக்கக்கூடாது. ஆனால் நாட்டின் கிராமங்களில் ஒன்பது மாதம் வரை வீட்டிலேயே பாட்டியின் மடியில் வளரும் குழந்தை, தோட்டத்தில் மூன்று நான்கு மாதத்திலேயே ஐந்து வயது வரையான பிள்ளைகளோடு ஒரே அறையில் பகலைக் கழிக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தி தேயத் தொடங்கும் மாதங்களும் அவையே. குளிருக்குச் சன்னலைச் சாத்திவைக்கும் ஊர் இது. சின்னமுத்துக் கிருமி மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். மேலில் தடிப்பு எழும்புவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பிள்ளை நோயைப் பரப்பும். தடிப்பைக் கண்டபின் பிள்ளையை வீட்டில் நிறுத்துவது பிந்திய காரியம்.

லயத்தின் நெருக்கமும் இதோடு சேர்கிறது. 2022இன் பிற்பகுதியில் மும்பையின் கோவண்டியில் சின்னமுத்து பரவிப் பிள்ளைகள் இறந்தபோது, ஒற்றை அறைக் குடியிருப்புகளின் நெரிசலும் போஷாக்கின்மையும் விடுபட்ட ஊசிகளும் சேர்ந்தே அந்த அழிவைச் செய்தன. மலையகத்தில் மூன்றாவது காரணி கோவண்டியைவிட மிகச் சிறியது. முதல் இரண்டும் இருக்கின்றன.

நோய் இங்கே வரும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. மலையக இளைஞர்கள் கொழும்பின் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் ஊர் திரும்புகிறார்கள். 2024 நவம்பர் 4 முதல் 9 வரை 20க்கும் 30க்கும் இடைப்பட்டவர்களுக்கு அரசு சிறப்பு ஊசித் திட்டம் நடத்தியது. அந்த வயதினரிடையே பாதுகாப்பில் இடைவெளி இருக்கிறது என்று அரசே கண்டதால்தான் அது நடந்தது. கொழும்புக்குப் போய்வரும் தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் இதே வயதினர். டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைப் பருவத்தில் நாடெங்கிலுமிருந்து யாத்திரிகர் ஹட்டன், மஸ்கெலியா வழியாக ஏறி இறங்குகிறார்கள். ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்த காலக் கொண்டாட்டம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மண்சரிவுகளோடு வந்து குடும்பங்களைப் பாடசாலைகளுக்கும் மண்டபங்களுக்கும் விரட்டியது. இத்தகைய இடப்பெயர்வில் கிளினிக் திகதியும் கொப்பியும் தவறிப்போவது எளிது. கொழும்பில் நோய் இருந்தால் அது மலைக்கு வராது என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை.

வந்தால் யாரைத் தாக்கும் என்பதும் தெரியும். சின்னமுத்து கொல்வது பெரும்பாலும் அதைத் தொடரும் நிமோனியாவாலும் வயிற்றோட்டத்தாலும். போஷாக்குக் குன்றிய, உயிர்ச்சத்து ஏ குறைந்த பிள்ளையை அவை எளிதில் வீழ்த்தும். தப்பிய பிள்ளைக்கும் முன்பு பெற்ற எதிர்ப்பு நினைவுகளில் ஒரு பகுதியை இந்நோய் அழித்துவிடுகிறது. மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில், பிற தொற்றுகள் அந்த உடலை இலகுவில் பிடிக்கும். மூன்றில் ஒரு பிள்ளை வளர்ச்சி குன்றிய சமூகத்தில் இதன் கனம் கொழும்பின் வசதியான வீடொன்றில் உள்ளது போல இராது.

தெரியாததா, இல்லாததா

2024இன் பட்டியலில் நுவரெலியா இல்லாதது நல்ல சான்றா என்ற கேள்வி மிஞ்சுகிறது. நோய் பதிவாகாமல் இருக்க இரண்டு காரணம் இருக்கலாம்: நோய் இல்லை, அல்லது தேடவில்லை. இரண்டையும் பிரித்தறிய உலக சுகாதார நிறுவனம் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. காய்ச்சலும் தடிப்புமாக வந்து, ஆய்வுகூடச் சோதனையில் சின்னமுத்துமல்ல ருபெல்லாவுமல்ல என்று தள்ளப்பட்டவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு இரண்டு பேராவது இருக்கவேண்டும். அத்தனை பேரைச் சோதித்துத் தள்ளியிருந்தால்தான் கண் விழித்திருக்கிறது என்று பொருள். பூச்சியத்தை நம்ப இந்த எண் வேண்டும். அதுவும் மாவட்டத்துக்கு மட்டுமல்லாமல் தோட்டத்துறைக்குத் தனியாக வேண்டும்.

அம்மன் நம்பிக்கை இங்கேதான் உண்மையில் குறுக்கே வருகிறது. தடிப்புக் கண்ட பிள்ளையை வேப்பிலையில் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருக்கும் குடும்பத்தின் பிள்ளை, பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகூடத்தை ஒருபோதும் எட்டாது. தலைநீர் ஊற்றும் நாளோடு சங்கதி முடிந்துவிடும். பக்தியைக் குறைசொல்லி இதைத் திருத்த முடியாது. அம்மனுக்குச் செய்வதைச் செய்யுங்கள், அதோடு மிட்வைஃப் அம்மாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கோயில் பூசகரும் பிள்ளைக் காம்பரா பொறுப்பாளரும் சொன்னால் போதும். ஊசியை ஏற்றுக்கொண்ட மக்கள் இதையும் ஏற்பார்கள்.

தீர்ப்பு

மலையகத் தோட்டங்களில் ஊர் முழுவதையும் வாரிக்கொண்டுபோகும் பரவல் வரும் என்ற அச்சத்துக்குச் சான்று போதாது. பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இரண்டு ஊசியும் பெற்றவர்கள். இரண்டும் பெற்றவர்களில் 97 சதவீதம் அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. முதியவர்களில் மிகப் பலருக்குச் சிறுவயதில் நோய் வந்துபோன பாதுகாப்பு இருக்கும். ஆகவே தீ ஊரைச் சுற்றிப் பரவாது. ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடையே, குறிப்பாகப் பிள்ளைக் காம்பராக்களில், குறுகிய கடுமையான பரவல்கள் வரக்கூடிய நிலை இன்றே இருக்கிறது. வந்தால் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட இங்கே பிள்ளைகள் அதிகம் பாதிக்கப்படுவார்கள். பாதுகாப்பு என்று சொல்பவர்கள் பள்ளிப் பிள்ளைகளையும் முதியவர்களையும் பற்றிச் சரியாகச் சொல்கிறார்கள். அபாயம் என்று சொல்பவர்கள் சின்னஞ்சிறுசுகளைப் பற்றிச் சரியாகச் சொல்கிறார்கள், காரணத்தில்தான் தவறுகிறார்கள். ஊசி மறுக்கப்படுவதோ கிடைக்காமல் போவதோ இங்கே சிக்கல் இல்லை. அது வரும் நேரமும், அதுவரை குழந்தை இருக்கும் இடமுமே சிக்கல்.

நேரம் ஏன் தவறுகிறது என்பதற்கும் விடை தோட்டத்திலேயே இருக்கிறது. கிளினிக் நாளில் வேலைக்குப் போகாவிட்டால் தாய்க்கு அன்றைய பேர், அதாவது நாட்கூலி, விழாது. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்தது. ஆனாலும் ஒரு நாளை இழப்பது எப்போதும் போலப் பெரிய இழப்புத்தான். குடும்பநல உத்தியோகத்தர் ஒருவருக்கு ஏறக்குறைய 3,000 பேர் என்பது நாட்டின் நியமம். வெற்றிடங்கள் நிரம்பாத தோட்டப் பகுதிகளில் அவருடைய சுமை கூடும். தமிழ் தெரியாத ஒருவர் நியமிக்கப்பட்டால், ஊசிக்குப் பின் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று தாய்க்கு விளங்கவைக்க ஆளிராது. காய்ச்சல் வந்து பயந்த தாய் அடுத்த திகதியைத் தள்ளிப்போடுவாள். ஊழியர் அரசினுடையவர், நேரம் கம்பனியினுடையது, கட்டடம் நிதியத்தினுடையது. தாமதத்துக்கு மட்டும் உரிமையாளர் யாரும் இல்லை.

ஆகவே முதலில் வேண்டியது அளவுகோலை மாற்றுவது. பத்து மாதம் நிரம்புமுன் முதல் ஊசி பெற்ற பிள்ளைகள் எத்தனை சதவீதம், மூன்று வயதும் மூன்று மாதமும் ஆவதற்குள் இரண்டாவதைப் பெற்றவர்கள் எத்தனை சதவீதம் என்ற இரண்டு எண்களை, ஒவ்வொரு குடும்பநலப் பிரிவுக்கும் தனித்தனியாக நோய்ப் பரவலியல் பிரிவு வெளியிடவேண்டும். இதற்கான தரவு ஒவ்வொரு கிளினிக் கொப்பியிலும் ஏற்கெனவே இருக்கிறது; புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. இரண்டாவது, ஊசி நாளுக்குத் தாய்க்குப் பேர் போடுவதைக் கூட்டு ஒப்பந்தத்திலோ சம்பளச் சபைத் தீர்மானத்திலோ எழுதவேண்டும். தொழிற்சங்கங்கள் கேட்கவேண்டிய மிகச் சிறிய, மிகப் பயனுள்ள கோரிக்கைகளில் இது ஒன்று. மூன்றாவது, பிள்ளைக் காம்பராவில் மாதத்துக்கு ஒருமுறை கொப்பிகளைப் பார்த்து, திகதி கடந்த பிள்ளையின் பெயரை மிட்வைஃபுக்கு அனுப்பும் கடமையைப் பொறுப்பாளருக்குக் கொடுக்கவேண்டும். நான்காவது, நாட்டில் எங்கே சின்னமுத்து உறுதியானாலும், பிள்ளைக் காம்பராவில் இருக்கும் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிக ஊசியை முன்கூட்டியே கொடுக்கவேண்டும். மாவட்டத்தில் நோயாளி பதிவாகும்வரை காத்திருப்பது இந்த வயதினருக்குப் பொருந்தாது.

இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடிய சான்றும் எது என்று தெளிவாகவே சொல்லலாம். தோட்டப் பிரிவுகளில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பத்தாம் மாதத்துக்குமுன் முதல் ஊசி பெற்றிருக்கிறார்கள் என்றும், காய்ச்சலும் தடிப்பும் கண்ட பிள்ளைகள் அங்கே போதிய எண்ணிக்கையில் சோதிக்கப்படுகிறார்கள் என்றும் எண்கள் காட்டினால், அபாயம் நாட்டின் மற்றப் பகுதிகளுக்குச் சமம் என்று ஒப்புக்கொள்ளத் தடையில்லை. அந்த எண்கள் வெளிவரும்வரை 99 என்ற எண்ணைக் காட்டி மலையகத் தாய்மாரை அமைதிப்படுத்துவது நியாயம் ஆகாது. அவர்கள் தம் பங்கைச் செய்துவிட்டார்கள்: பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஊசிக்குக் கை நீட்டினார்கள். உரிய மாதத்தில் வருவதற்கு அவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய ஒரு நாளைக் கொடுப்பது இனி அரசும் கம்பனிகளும் செய்யவேண்டிய பங்கு.